முகம் மறைத்த வீடுகள்

பெர்லினில் வேலை கிடைத்து, கிளம்புவதற்கு முன் வாடகை வீடு தேடுகிறவர்கள் தவறாமல் செய்கிற காரியம் ஒன்று உண்டு. விளம்பரத்தில் இருக்கும் தெருவின் பெயரை கூகுள் மேப்பில் போட்டு, அந்தக் குட்டி மஞ்சள் பொம்மையைத் தூக்கி அங்கே இறக்கிவிடுவார்கள். வேளச்சேரியில் சோபாவில் சாய்ந்தபடியே பெர்லின் தெருவில் நடக்கலாம். பக்கத்தில் மளிகைக் கடை இருக்கிறதா, ரயில் நிலையம் எவ்வளவு தூரம், தெருவில் மரம் இருக்கிறதா, எல்லாம் தெரிந்துவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன்புவரை அப்படி நடந்தவர்கள் நடு வழியில் திகைத்து நின்றிருப்பார்கள். வரிசையாக ஐந்து மாடிக் கட்டடங்கள். நடுவில் ஒன்றை மட்டும் காணோம். இடித்துவிடவில்லை. குளியலறை ஜன்னலுக்குப் போடுகிற மங்கல் கண்ணாடியை அடித்தளத்திலிருந்து கூரை வரை மாட்டிவைத்தது போல ஒரு புகைமூட்டம். வாசலில் நிற்கும் சைக்கிள் தெளிவாகத் தெரியும், நடைபாதை மரத்தின் இலை தெரியும், வீடு மட்டும் தெரியாது. நான்கு கட்டடம் தள்ளி அதே மாதிரி இன்னொன்று. அடுத்த தெருவில் இரண்டு.

இணையக் கோளாறு என்று பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தவர்கள் உண்டு. கோளாறு எதுவும் இல்லை. அந்த வீட்டில் இருப்பவர்கள், ‘எங்கள் வீட்டை உலகத்துக்குக் காட்டாதே’ என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவ்வளவுதான்.

கேக் வெட்டிய ஊரும் முட்டை எறிந்த ஊரும்

2010 நவம்பரில் கூகுளின் ஸ்ட்ரீட் வியூ ஜெர்மனிக்குள் வந்தது. காரின் தலையில் கேமராவைக் கட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போய் எடுத்த படங்கள். மற்ற நாடுகளில் படம் வெளியான பிறகுதான் ஆட்சேபம். ஜெர்மனியில் மட்டும் வெளியாகும் முன்பே ஆட்சேபம் தெரிவிக்க வாய்ப்பு தரவேண்டியதாயிற்று. 20 பெரிய நகரங்களில் மொத்தம் 2,44,237 குடும்பங்கள் ‘வேண்டாம்’ என்றன. அந்த நகரங்களின் குடும்பங்களில் இது நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. ஆனால் ஒரு கட்டடத்தில் 20 குடித்தனம் இருந்து, ஒரே ஒருவர் ஆட்சேபித்தாலும் கட்டடம் முழுவதும் மங்கிவிடும். அதனால் கண்ணுக்குத் தெரிந்த புகைமூட்டம் கணக்கைவிட அதிகம். மங்கலாக்கியதைத் திரும்பத் தெளிவாக்கவும் முடியாது, மூலப் படத்திலேயே அழித்துவிட்டார்கள். முனிச்சில் கூகுளின் சொந்த அலுவலகம் இருந்த கட்டடமே மங்கிப் போயிருந்தது அந்த ஆண்டின் பெரிய சிரிப்பு.

எல்லா ஊரும் ஒரே மாதிரி இல்லை. தெற்கே பவேரிய மலையடிவாரத்தில் ஓபர்ஷ்டாஃபன் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. ஆரோக்கிய சிகிச்சைக்கும் பனிச்சறுக்குக்கும் பெயர்போன சுற்றுலாத் தலம். ‘முதலில் எங்கள் ஊருக்கு வாருங்கள்’ என்று அழைப்பு விடுத்து, ஸ்ட்ரீட் வியூவை வரவேற்று எழுதிய பெரிய கேக் ஒன்றைச் செய்து வைத்தார்கள். நாடே எதிர்க்கும்போது ஒரு ஊர் கேக் வெட்டினால் செய்தியாகத்தானே செய்யும்! பெரிய நகரங்களுக்கு முன்பாகவே, 2010 நவம்பர் 2-ஆம் தேதி, ஜெர்மனியில் முதன்முதலாக இணையத்தில் ‘நடக்க’ முடிந்த ஊர் ஓபர்ஷ்டாஃபன்தான். விளம்பரச் செலவு ஒரு கேக்.

எஸ்ஸன் நகரத்தில் கதை வேறு. மங்கலாக்கச் சொன்ன சில வீடுகளைத் தேடிப் போய் யாரோ முட்டை எறிந்தார்கள். ‘கூகுள் அருமை’ என்ற பொருளில் ஆங்கிலச் சீட்டு எழுதித் தபால் பெட்டியில் போட்டுவிட்டுப் போனார்கள். மறைத்துக்கொள்ளப் போய் அடையாளம் காட்டிக்கொண்ட கதை. வரிசையில் மங்கலாக நிற்கும் வீடுதான் முதலில் கண்ணில் படும் என்று அந்த வீட்டுக்காரர்கள் யோசித்திருக்க மாட்டார்கள்.

அவர்களைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். தெருவில் போகிற எவரும் பார்க்கக்கூடிய சுவரை எதற்கு மறைக்க வேண்டும்? பெர்லின் உயர் நீதிமன்றமும் 2011-இல் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னது: பொதுத் தெருவிலிருந்து படம் எடுப்பது சட்டப்படி சரி. ஆனால் அதே ஆண்டு ஏப்ரலில், வழக்கில் ஜெயித்த கையோடு, ஜெர்மனியில் இனிப் புதிய படங்களை வெளியிடப்போவதில்லை என்று கூகுள் அறிவித்துவிட்டது. அதன் பிறகு பன்னிரண்டு ஆண்டுகள் பெர்லின் தெருக்கள் வரைபடத்தில் பழைய கோலத்திலேயே உறைந்து கிடந்தன. மூடிய கடைகள் திறந்திருந்தன. கட்டி முடித்த கட்டடங்கள் பள்ளமாக இருந்தன.

மக்கள் இவ்வளவு முரண்டு பிடித்ததற்கு உடனடிக் காரணம் ஒன்றும் இருந்தது. அந்தக் கார்கள் படம் மட்டும் எடுக்கவில்லை. வீடுகளிலிருந்து தெருவுக்குக் கசிகிற வைஃபை அலைகளையும் பிடித்துக்கொண்டு போயின. ‘காரில் என்னதான் சேகரிக்கிறீர்கள், காட்டுங்கள்’ என்று ஹாம்பர்க் நகரத்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையர் விடாமல் கேட்ட பிறகு, 2010 மே மாதம் உண்மை வெளியே வந்தது. பாஸ்வேர்டு போடாத வைஃபைகளில் ஓடிக்கொண்டிருந்த மின்னஞ்சல் துணுக்குகள்கூடப் பதிவாகியிருந்தன. தவறுதலாக நடந்துவிட்டது என்றது நிறுவனம். 2013-இல் ஹாம்பர்க் விதித்த அபராதம் 1,45,000 யூரோ. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு அது டீச் செலவு.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு வந்த ஒரு வசதி பலருக்குத் தெரியாது. வீட்டு வைஃபை பெயரின் கடைசியில் ஓர் அடிக்கோடும், அதை ஒட்டி ‘நோமேப்’ என்ற ஆங்கிலச் சொல்லும் சேர்த்துவிட்டால், இருப்பிடம் கண்டுபிடிக்கும் பட்டியலில் அந்த வைஃபையை கூகுள் சேர்க்காது. வேளச்சேரியிலும் இது வேலை செய்யும்.

பெயர் ஒட்டாவிட்டால் தபால் இல்லை

வரைபடத்தை மூடிவிட்டு பெர்லினில் நிஜமாக வந்து இறங்கினால், முதல் வாரத்திலேயே தலை சுற்றும். வீட்டு முகப்பை மறைக்கிற இதே ஊரில், வாசல் அழைப்பு மணிப் பலகையில் குடியிருப்பவர்கள் அத்தனை பேரின் குடும்பப் பெயரும் பளிச்சென்று இருக்கும். ஜெர்மன் முகவரியில் பெரும்பாலும் ஃபிளாட் எண் கிடையாது. தெரு, கதவு எண், பெயர், அவ்வளவுதான். தபால்காரர் பெயரைப் பார்த்துத்தான் பெட்டியைக் கண்டுபிடிப்பார். ‘மூன்றாம் மாடி, சி பிளாக்’ என்று எழுதிப் பழகிய நம்மவர்கள், தபால் பெட்டியில் பெயர் ஒட்ட மறந்துவிட்டு, வங்கி அட்டை ஏன் வரவில்லை என்று இரண்டு வாரம் காத்திருப்பார்கள். அட்டை, ‘இப்படி ஒருவர் இங்கே இல்லை’ என்று திரும்பிப் போயிருக்கும்.

இந்தப் பெயர்ப் பலகைக்கும் ஒருமுறை ஆபத்து வந்தது. 2018-இல் ஐரோப்பாவின் புதிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த சில மாதங்களில், பக்கத்து நாடான ஆஸ்திரியாவின் வியன்னாவில், மாநகராட்சிக் குடியிருப்பில் இருந்த ஒருவர் ‘என் பெயரை வாசலில் போட்டிருப்பது அந்தரங்க மீறல்’ என்று புகார் கொடுத்தார். சுமார் 2,20,000 வீடுகளின் மணிப் பலகைகளில் பெயரை எடுத்துவிட்டு எண்ணைப் போட மாநகராட்சி முடிவு செய்தது. செய்தி பெர்லினுக்கு வந்ததும் ஒரே பதற்றம். வீட்டு உரிமையாளர் சங்கம் ‘பலகையைக் கழற்றிவிடுங்கள்’ என்றது. கடைசியில் ஜெர்மனியின் மத்திய தரவுப் பாதுகாப்பு ஆணையரே தலையிட்டு, அதெல்லாம் தேவையில்லை என்று சொல்லவேண்டியதாயிற்று. பலகைகள் தப்பின.

இதைவிடப் பெரிய வேடிக்கை அரசு அலுவலகத்தில் காத்திருக்கிறது. குடிவந்து இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்தே ஆக வேண்டும். வீட்டுக்காரரின் கையெழுத்துடன் ஒரு தாள், பாஸ்போர்ட், ஒரு படிவம். படிவத்தில் ஒரு கேள்வி: உங்கள் மதம் என்ன? கத்தோலிக்கரோ பிராட்டஸ்டன்டோ என்று எழுதினால் வருமான வரியோடு சேர்த்து, பெர்லினில் அந்த வரியில் 9 சதவிகிதம், தேவாலய வரியாகப் போகும். முகப்பைப் படம் எடுத்தால் கோபப்படுகிறவர்கள் இந்தக் கேள்விக்கு முணுமுணுக்காமல் பதில் எழுதுகிறார்கள். அது மட்டுமா? ஒருவரின் பெயரும் அடையாளம் காண வேறு சில விவரமும் தெரிந்தால், அலுவலகத்தில் சிறு கட்டணம் கட்டி அவருடைய முகவரியையே வாங்கிவிடலாம். உயிருக்கு ஆபத்து போன்ற காரணத்தைக் காட்டினால்தான் அதைத் தடுக்க முடியும். இணையத்தில் சொந்தமாகச் சமையல் குறிப்பு எழுதி, நாலு விளம்பரம் போட்டுச் சம்பாதிக்கிறவர், தன் பெயரையும் முகவரியையும் அந்தத் தளத்தில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி போடவேண்டும் என்றும் சட்டம் இருக்கிறது.

சூப்பர் மார்க்கெட் வரிசையிலும் இந்தக் குழப்பம் தொடரும். பில் போடுகிறவர், ‘பேபேக் கார்டு இருக்கிறதா?’ என்று கேட்பார். வாங்குகிற ரொட்டி, வெண்ணெய், பல்பொடி எல்லாவற்றையும் கணக்கு வைத்துக்கொண்டு புள்ளிகள் தருகிற அட்டை. கோடிக்கணக்கில் அதன் வாடிக்கையாளர்கள். முன்னால் நிற்கும் பாட்டி அட்டையை நீட்டிப் புள்ளிகளை வாங்கிக்கொள்வார். பிறகு பணத்தை ரொக்கமாகச் சில்லறை எண்ணிக் கொடுப்பார். கார்டில் கொடுத்தால் வங்கிக்கு எல்லாம் தெரிந்துவிடுமே! வாட்ஸ்அப் இல்லாத குடும்பமும் அங்கே அபூர்வம்தான். ஆக, ஜெர்மானியர்கள் எல்லோரும் அந்தரங்கத்தைக் கட்டிக் காப்பவர்கள் என்று நினைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு ஏமாற்றம் நிச்சயம்.

ஆனால் கேமராவை எடுத்தால் மட்டும் சூழ்நிலை மாறிவிடும். விளையாட்டு மைதானத்தில் சொந்தக் குழந்தையைப் படம் எடுக்கும்போது பின்னால் வேறு குழந்தை வந்துவிட்டால், அதன் அம்மா வந்து கேட்பார். கிண்டர்கார்டனில் சேர்க்கும்போதே, குழந்தையைப் படம் எடுக்கலாமா, சுவரில் ஒட்டலாமா, இணையத்தில் போடலாமா என்று தனித்தனியாகக் கையெழுத்து வாங்குகிறார்கள். 2018-இல் ரைன் நதிக்கரைப் பக்கம் டார்மாகன் என்ற ஊரில் ஒரு கிண்டர்கார்டன், வருடக் கடைசியில் குழந்தைகளுக்கு நினைவு ஆல்பம் கொடுத்தது. ஒவ்வொரு ஆல்பத்திலும் அந்தந்தக் குழந்தையின் முகத்தைத் தவிர மற்ற எல்லா முகத்தின் மேலும் கறுப்பு மை. பெற்றோருக்கே அது பொறுக்கவில்லை, நாளிதழ்களில் சந்தி சிரித்தது. சட்டத்தைக் காப்பாற்றப் போய் நண்பர்கள் இல்லாத ஆல்பம் ஆகிவிட்டது.

தன் படத்தின் மேல் தனக்கே உரிமை என்கிற இந்தச் சட்டம் இன்றைக்கு நேற்று வந்ததல்ல. 1898-இல் பிஸ்மார்க் இறந்துபோனார். ஜெர்மனியை ஒன்றாக்கிய அந்தப் பெரிய மனிதர் படுக்கையில் கிடந்த அறைக்குள் இரவோடு இரவாக இரண்டு புகைப்படக்காரர்கள் நுழைந்து, உடலைப் படம் எடுத்து விற்கப் பார்த்தார்கள். குடும்பம் வழக்குப் போட்டது. அப்போது அதற்கென்று நேரடிச் சட்டமே இல்லை, அத்துமீறி நுழைந்ததை வைத்துத்தான் நீதிமன்றம் படங்களை அழிக்கச் சொன்னது. அந்த ஓட்டையை அடைக்க 1907-இல் வந்த சட்டம்தான் இன்றைக்கும் ஃபேஸ்புக் படத்துக்கும் இன்ஸ்டாகிராம் படத்துக்கும் பேசுகிறது. பெர்லினின் பிரபல நடன விடுதிகளில் வாசலிலேயே கைபேசியை வாங்கி, முன்னும் பின்னும் கேமராவின் மேல் வட்டமாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பித் தருகிறார்கள். உள்ளே போன யாரும் அதைப் பிய்ப்பதில்லை. பிய்த்தால் வெளியே.

111 கிலோமீட்டர் காகிதம்

இதற்கெல்லாம் ஒரு முகவரி இருக்கிறது. நகரின் நடுவிலிருந்து யு5 சுரங்க ரயில் ஏறி மக்தலேனன் தெரு நிலையத்தில் இறங்கினால், சில நிமிட நடையில் பழுப்பும் சாம்பலுமாகப் பெரிய பெரிய அலுவலகக் கட்டடங்கள். முன்னாள் கிழக்கு ஜெர்மனியின் ரகசியப் போலீஸான ‘ஸ்டாசி’யின் தலைமையகம். இப்போது அருங்காட்சியகம்.

சுற்றுலா கைடுகள் இங்கே தலைவரின் அறையைத்தான் முதலில் காட்டுவார்கள். எரிக் மீல்கே உட்கார்ந்த நாற்காலி, மேஜை, தொலைபேசிகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஆனால் நின்று பார்க்க வேண்டியது அதற்கு வெளியே இருக்கும் சின்னச் சின்னப் பொருள்களைத்தான். சட்டைப் பொத்தானுக்குப் பின்னால் கேமரா. செடிக்குத் தண்ணீர் ஊற்றும் பூவாளிக்குள் கேமரா. கடித உறையை ஆவி காட்டிப் பிரித்து, படித்துவிட்டு, மறுபடி ஒட்டுவதற்கு இயந்திரம். விசாரணைக்கு வந்தவர் உட்கார்ந்த நாற்காலியில் விரித்திருந்த துணியை எடுத்து, அவருடைய உடல் வாசனையோடு மூடிவைத்த கண்ணாடி ஜாடி. ஊறுகாய் போடுகிற ஜாடி மாதிரியே இருக்கும். தேவைப்பட்டால் நாய்க்கு மோப்பம் காட்டுவதற்காம்.

1989-இல் ஸ்டாசியில் முழுநேர ஊழியர்கள் மட்டும் சுமார் 91,000 பேர். அதற்கு மேல், சம்பளப் பட்டியலில் இல்லாமல் தகவல் கொடுத்தவர்கள் ஒன்றே முக்கால் லட்சம் பேருக்கும் அதிகம். நாட்டின் மொத்த மக்கள்தொகை ஒன்றரைக் கோடியைக் கொஞ்சம் தாண்டியது, அவ்வளவே. பக்கத்து வீட்டுக்காரர், அலுவலகத் தோழர், பாதிரியார், டாக்டர் என்று யார் வேண்டுமானாலும் எழுதிக்கொண்டிருந்திருக்கலாம். என்ன எழுதினார்கள்? யார் வந்தார்கள், எத்தனை மணிக்குப் போனார்கள், எந்தக் கடையில் என்ன வாங்கினார்கள், ஜன்னலில் எப்போது விளக்கு அணைந்தது. பெரும்பாலும் உப்புச்சப்பில்லாத விவரங்கள். அப்படிச் சேர்ந்த கோப்புகளை வரிசையாக நிறுத்தினால் 111 கிலோமீட்டர் நீளம். சென்னையிலிருந்து மகாபலிபுரம் போய்த் திரும்பிவிடலாம்.

பெர்லின் சுவர் விழுந்த பிறகு, 1990 ஜனவரி 15-ஆம் தேதி மாலை, மக்கள் கூட்டமாக இந்த வளாகத்துக்குள் புகுந்தார்கள். அதற்குள் அதிகாரிகள் கோப்புகளைக் கிழிக்கத் தொடங்கியிருந்தார்கள். கிழிக்கும் இயந்திரங்கள் திணறிப் போக, கையாலேயே கிழித்து மூட்டை கட்டியிருந்தார்கள். சுமார் 16,000 மூட்டை! அந்தத் துண்டுகளைப் பொறுமையாக ஒட்டவைத்து, பக்கம் பக்கமாகப் படிக்கும் வேலை பல ஆண்டுகள் நடந்தது.

கோப்புகளை எரித்துவிட வேண்டும், திறந்தால் நாடு ரத்தக் களரி ஆகும் என்றவர்களும் இருந்தார்கள். எரிக்கவில்லை. 1992 ஜனவரி 2-ஆம் தேதி முதல், தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் கிடைத்தது. இதுவரை தங்கள் கோப்புக்காகப் பொதுமக்கள் கொடுத்த விண்ணப்பங்களின் எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டும்.

படித்தவர்களில் வேரா லெங்ஸ்ஃபெல்டும் ஒருவர். கிழக்கு ஜெர்மன் ஆட்சியை எதிர்த்ததற்காக 1988-இல் சிறை சென்றவர், பிறகு ஜெர்மன் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனவர். அவரைப் பற்றிய தகவல்களை ‘டொனால்ட்’ என்ற புனைபெயரில் ஒருவர் ஆண்டுக்கணக்கில் கொடுத்துவந்திருந்தார். டொனால்ட் வேறு யாருமில்லை, அவருடைய கணவர். இரண்டு மகன்களின் அப்பா. சாப்பாட்டு மேஜையில் பேசியது கோப்பில் இருந்தது. 1992-இல் விவாகரத்து ஆயிற்று.

இப்படி வாசித்து முடித்தவர்கள் இருக்கும் ஊரில்தான் ஒரு நாள் காலை, தலையில் கேமரா கட்டிய கார் தெருவுக்குள் வந்தது. ‘ஒளிக்க ஒன்றும் இல்லை என்றால் எதற்குப் பயம்?’ என்ற கேள்வியை நம் ஊரில் சாதாரணமாகக் கேட்டுவிடுகிறோம். பெர்லின் லிச்சன்பெர்க் பகுதியில் ஒரு அறுபது வயதுக்காரரிடம் கேட்டால் பதில் கொஞ்சம் நேரம் கழித்துத்தான் வரும். ஒளிக்க ஒன்றும் இல்லாதவர்களின் கோப்புகள்தான் அந்த 111 கிலோமீட்டரில் பெரும் பகுதி.

கோப்பைப் பார்க்கிறவருக்குப் பிரதி எடுத்துக் கொடுக்கும்போது ஒரு நடைமுறை உண்டு. அதில் வரும் மற்ற அப்பாவிகளின் பெயர்களைக் கறுப்பு மையால் அடித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். உங்கள் கோப்பு உங்களுக்கு, அடுத்தவர் அந்தரங்கம் அடுத்தவருக்கு. வேவு பார்த்தவரின் பெயரை மட்டும் கேட்டால் சொல்வார்கள்.

கணக்கெடுப்பை நிறுத்திய தீர்ப்பு

கிழக்கே ஸ்டாசி என்றால், மேற்கு ஜெர்மனிக்கு வேறு பழைய காயம். 1939 மே மாதம் நாஜி அரசு நடத்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஒவ்வொருவரின் தாத்தா பாட்டிமாரில் யூதர் உண்டா என்று தனி அட்டையில் கேட்டார்கள். அட்டையை மூடிய உறையில் வைத்துக் கொடுத்தார்கள். கணக்கெடுப்பு என்றால் தலை எண்ணுவது மட்டுமல்ல என்று அந்தத் தலைமுறை கற்றுக்கொண்டது.

அதனால்தான் 1983-இல் மேற்கு ஜெர்மன் அரசு கணக்கெடுப்புக்குத் தயாரானபோது, ‘பதில் சொல்லாதே’ இயக்கம் ஊர் ஊராகப் பரவியது. கம்ப்யூட்டர் என்றால் பெரிய அறையில் இருக்கும் பெட்டி என்று நினைத்த காலம் அது. அரசியல் சாசன நீதிமன்றம் முதலில் கணக்கெடுப்பை நிறுத்தியது. 1983 டிசம்பர் 15-ஆம் தேதி தீர்ப்புச் சொன்னது: தன்னைப் பற்றிய விவரத்தை யாரிடம், எவ்வளவு கொடுப்பது என்று தீர்மானிக்கும் உரிமை அந்த மனிதருக்கே உண்டு. யார் எதைப் பதிவு செய்கிறார்கள் என்று தெரியாமல் வாழ்கிறவர், கண்ணில் படாமல் இருக்கப் பார்ப்பார், கூட்டத்துக்குப் போகத் தயங்குவார், அது ஜனநாயகத்துக்கே நல்லதல்ல என்று அந்தத் தீர்ப்பு காரணமும் சொன்னது. கேள்விகளைத் திருத்தி 1987-இல்தான் கணக்கெடுப்பு நடந்தது. இந்தியாவில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பு எழுதியது 2017-இல்.

மறுபடி வந்த கார்

2023 கோடையில் பெர்லின் வரைபடம் விழித்துக்கொண்டது. கூகுள் புதிய படங்களை வெளியிட்டு, பழையவற்றை நீக்கியது. பழைய ஆட்சேபங்கள் செல்லாது, வீட்டை மறைக்க வேண்டும் என்றால் புதிதாகக் கேட்க வேண்டும் என்றும் அறிவித்தது. 2010 மாதிரி ஊரே திரண்டுவிடும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். பழைய புயல் வரவில்லை. இடைப்பட்ட காலத்தில் எல்லோர் கையிலும் கேமரா வந்துவிட்டது, வீடு விற்கிறவர்கள் படுக்கையறை வரை படம் பிடித்துத் தாங்களே இணையத்தில் ஏற்றுகிறார்கள். இருந்தாலும் மங்கல் கண்ணாடி மாட்டிய வீடுகள் இப்போதும் அங்கங்கே உண்டு.

சென்னையும் இந்த வரைபடத்தில் இருக்கிறது. 2022 ஜூலையில் ஸ்ட்ரீட் வியூ இந்தியாவுக்கு வந்தபோது முதல் 10 நகரங்களில் சென்னையும் ஒன்று. நம் வீடு தெரிகிறதா என்று தேடிப் பிடித்து, ‘பார், மாடியில் துணி காய்கிறது’ என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டவர்கள்தான் இங்கே அதிகம் இருப்பார்கள். வேண்டாம் என்றால் இங்கேயும் மறைக்கச் சொல்லலாம். படத்தின் மூலையில் ‘சிக்கலைத் தெரிவி’ என்ற இடத்தைத் தொட்டு, எது நம் வீடு என்று காட்டி அனுப்பினால் போதும். திரும்பத் தெளிவாக்க முடியாது என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வீட்டை விற்க நினைக்கும்போது கையைப் பிசையக் கூடாது.

பெர்லினில் நடக்கிறவர்கள் கைபேசியிலிருந்து கண்ணை எடுத்துக் கொஞ்சம் கீழேயும் பார்க்க வேண்டும். பழைய கட்டடங்களின் வாசலில், நடைபாதைக் கற்களுக்கு நடுவே, உள்ளங்கை அகலத்தில் பித்தளைத் தகடு பதித்திருக்கும். ‘இங்கே வாழ்ந்தவர்’ என்று தொடங்கி, ஒரு பெயர், பிறந்த ஆண்டு, நாஜிகள் இழுத்துச் சென்ற தேதி, கொல்லப்பட்ட இடம். குந்தர் டெம்னிக் என்ற கலைஞர் 1990-களில் தொடங்கிய வேலை. ஐரோப்பா முழுவதும் இப்போது ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது, பெர்லினில் மட்டும் பல ஆயிரம். சில வாசல்களில் ஒரே குடும்பத்தின் நான்கைந்து பெயர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். கடைசித் தகட்டில் பிறந்த ஆண்டையும் இறந்த ஆண்டையும் கழித்துப் பார்த்தால் மூன்றோ நான்கோ வரும்.

கதவருகே மணிப் பலகையில் இன்று குடியிருப்பவர்களின் பெயர்கள். அதில் ஒன்று அண்மையில் சென்னையிலிருந்து வந்தவருடையதாக இருக்கலாம். பிரிண்டர் இல்லாததால் காகிதத்தில் எழுதி, செலோடேப் போட்டு ஒட்டியிருப்பார். கீழே காலடியில் பித்தளையில் அன்றைய பெயர்கள். வருடா வருடம் நவம்பர் 9-ஆம் தேதி, குளிர் ஏறத் தொடங்கும் சாயங்கால வேளையில், அக்கம்பக்கத்தினர் துணியும் பாலிஷும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கி வருகிறார்கள். மண்டி போட்டு உட்கார்ந்து, கறுத்துப்போன தகட்டைப் பெயர் தெளிவாகத் தெரிகிற வரை தேய்க்கிறார்கள். பக்கத்தில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துவிட்டு மேலே போகிறார்கள்.